மலை இல்லாத கியோட்டோ

சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற மனிதர் அவர். எங்காவது கடையோ குடோனோ எரிந்துபோனால், தீயணைப்பு வண்டிகள் கிளம்பிய பிறகு, காப்பீட்டு நிறுவனத்தின் ஆளாக உள்ளே நுழைந்து, தீ தானாகப் பிடித்ததா, யாராவது வைத்ததா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் அவருக்கு 'மோப்பம்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். நாளாவட்டத்தில் முகத்துக்கு நேரே 'மோப்பம் சார்' ஆகிவிட்டது. அவருக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

எரிந்த இடத்துக்குள் போகும்போது முகமூடி போட்டுக்கொள்ளுங்கள் என்று அலுவலகத்தில் கரடியாகக் கத்திப் பார்த்தார்கள். "மூக்கை மூடிக்கிட்டு நான் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?" என்பார். ஈரச் சாம்பலைக் கையில் அள்ளி, மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி இழுப்பார். மண்ணெண்ணெயா, பெட்ரோலா, வெறும் ஒயர் பொசுங்கிய நாற்றமா என்று தெரிந்துவிடும். இப்படியே ஊரார் சாம்பலையெல்லாம் காலம்பூரா இழுத்தவருக்கு நெஞ்சுக்குள் என்ன ஆகியிருக்கும் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். அவர் மட்டும் அதை யோசிக்கவில்லை. யோசிக்க மறுத்தார் என்று சொல்வதுதான் சரி.

வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கொஞ்ச காலமாகவே இரண்டாவது மாடித் திருப்பத்துக்கு வந்ததும் அவருக்கு மூச்சு முட்டியது. அங்கே நின்று போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ம்... ம்... சரி, அந்த ஃபைலை அனுப்பிடுங்க" என்று, மறுமுனையில் யாருமே இல்லாமல் பேசிக்கொண்டிருப்பார். இரைப்பு அடங்கியதும் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு மீதிப் படிகளை ஏறுவார். இரண்டாவது மாடிக்காரர்கள், பாவம், மனுஷருக்குத் தலைக்கு மேல் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஊரின் மறுகோடியில், தெரிந்தவர் யாரும் வராத இடமாகப் பார்த்து ஒரு டாக்டரிடம் போனார். டாக்டர் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, நெஞ்சுக்கு ஒரு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். "நாளைக்கே எடுத்துடறேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தவர்தான், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

மனைவியிடம் வாயே திறக்கவில்லை. அவள் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. கழுத்தில் தொங்கும் விசிலால் 'விசில் டீச்சர்' என்று பெயர். நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் மலை ஏறப் போய்விடுகிற பெண். அவள் பக்கத்தில் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் புருஷனாகத் தன்னை நினைத்துப் பார்க்கவே அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. தெரிந்த அன்றைக்கே வேலையை விடச் சொல்வாள். அந்த வேலையை விட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை.

இந்த நிலையில்தான் ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவள் சொன்னாள்: "இந்த லீவுக்கு நாம கியோட்டோ போறோம். ஜப்பான். ஒரு வாரம். தம்பிகிட்ட டிக்கெட் போடச் சொல்லிட்டேன்."

மோப்பத்துக்கு மூக்கில் வேர்த்தது. ஒரு தலையணை உறை வாங்குவதற்குக்கூட "உங்களுக்கு எந்தக் கலர் பிடிக்குது?" என்று கேட்கிறவள். போலாமா என்று கேட்கவில்லை, போறோம் என்கிறாள்.

"அவ்ளோ தூரம் எதுக்கு? கடற்கரைப் பக்கம் ரெண்டு நாள் போய்ட்டு வந்துடலாமே?"

"ரெண்டு நாள் பத்தாது."

"எதுக்குப் பத்தாது?"

"ஊர் பாக்கறதுக்குத்தான். வேற எதுக்கு?" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். வாயில் இருந்ததை மென்று முடிக்காமலே எழுந்துவிட்டாள் என்பதையும் அவர் கவனித்தார்.

மறுநாளே சாப்பாட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கியோட்டோ நகரத்தின் வரைபடம் வந்து உட்கார்ந்துகொண்டது. நேர்நேராகத் தெருக்கள், நடுவில் ஓர் ஆறு, மூன்று பக்கமும் மலைகள். முதல் நாள் ஆற்றங்கரை, அடுத்த நாள் ஒரு பழைய கோட்டை, அப்புறம் கூரை போட்ட கடைத்தெரு, ரயில் அருங்காட்சியகம், கால்வாய் ஓரமாக மரங்கள் வரிசையாக நிற்கும் நடைபாதை என்று ஒவ்வொன்றாகப் பச்சை மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் நேரத்தையும் எழுதினாள். அவர் காபி குடிக்கும் சாக்கில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அந்த வட்டங்களைப் பார்த்தார். எல்லா நாளும் மத்தியானச் சாப்பாட்டோடு நின்றுபோய், சாயங்காலம்தான் மறுபடி ஆரம்பித்தது. நடுவில் ஒன்றுமே இல்லை.

அவர் எதையும் நேராகக் கேட்கிற ஜாதி இல்லை. கடைக்காரர்களிடம் தீயைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் குடும்ப நலத்தில் ஆரம்பிப்பார். வீட்டிலும் அதே கதைதான்.

"அங்க மத்தியானத்துல வெயில் ஜாஸ்தியா இருக்குமோ?"

"இல்லை, நாம போற சமயம் குளிரும்."

"அப்ப மத்தியானம் ரூம்ல உக்காந்துகிட்டு என்ன பண்றது?"

"நீங்க தூங்குங்க."

"நீ?"

"நான் பக்கத்துல எங்கயாவது தனியா நடந்துட்டு வருவேன்."

தனியா! தெரியாத தேசத்தில், பாஷை புரியாத ஊரில், புருஷனைத் தூங்கவைத்துவிட்டு இவளுக்குத் தனியாக எங்கே நடக்க வேண்டியிருக்கிறது? அதற்கு அடுத்த சில நாட்கள் அவர் வீட்டிலேயே துப்பு துலக்கினார். அவர் உள்ளே வந்தால் அவள் மடிக்கணினியை மூடினாள். பால்கனியில் நின்று போனில் பேசினாள். ஒரு தடவை துணி காயப்போடுகிற கொடிக்குப் பின்னால் நின்று அவர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். "பக்கத்துலயே இருக்கணும்... ஆமா, நடந்து போற தூரம்... எந்நேரம் போனாலும் உள்ள விடணும். ஆனா அவர்கிட்ட இதைப் பத்திப் பேசிடாதே." அந்த ஈரத் துண்டுக்குப் பின்னால் நின்ற மனுஷரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

யார் அது? மண்டையைப் போட்டுக் குடைந்துகொண்டபோது ஓவிய வாத்தியார் ஞாபகத்துக்கு வந்தார். அவளுடைய பள்ளிக்கூடத்தில் இருந்தவர். அவளோடு மலையேறப் போகிற கூட்டத்திலும் உண்டு. வேலையை விட்டுவிட்டு ஜப்பானுக்குப் போய்விட்டார் என்று யாரோ சொன்னதாக நினைவு. எல்லாம் பொருந்தி வருகிற மாதிரி இருக்கவே, அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எப்படியோ நம்பரைத் தேடிப் பிடித்து, பழைய மாணவனின் அப்பா என்று ஒரு பொய்யைச் சொல்லிப் பேசினார்.

"ஜப்பானா? எந்த மகராசன் சார் சொன்னது?" என்று வாத்தியார் சிரித்தார். "எனக்குப் பாஸ்போர்ட்டே கிடையாது. முட்டி ஆபரேஷன் பண்ணி, வாசல் வரைக்கும் போறதுக்கே வாக்கரைப் பிடிச்சுக்கறேன். உங்க பையன் பேர் என்ன சொன்னீங்க?"

அவர் அவசரமாகப் போனை வைத்தார். வெட்கப்பட வேண்டிய இடம் இது. அவரோ, அப்படியானால் அது வேறு யார் என்றுதான் யோசித்தார். சந்தேகம் பிடித்தவர்கள் திருந்துகிற லட்சணம் அப்படி.

அடுத்த குறி மச்சினன். அவள் தம்பி கடைவீதியில் பயண ஏற்பாட்டு அலுவலகம் வைத்திருந்தான். மேஜை மேல் ஒரு பொம்மை விமானம், சுவரில் பனிமலைப் படங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் போய் எதிரில் உட்கார்ந்துகொண்டு, குழந்தைகளின் படிப்பை விசாரித்துவிட்டு, மெல்ல ஆரம்பித்தார்.

"மத்தியானத்தை எல்லாம் ஏன் மாப்ள காலியா விட்டிருக்கே?"

"அக்காதான் மாமா அப்படிப் போடச் சொன்னாங்க."

"ரூம் தீப்பெட்டி மாதிரி இருக்கே, வேற கிடைக்கலையா?" என்று மேஜை மேல் கிடந்த ரூம் படத்தைக் காட்டினார்.

"நல்லா பெருசாவே காட்டினேன் மாமா. வேண்டாம்னுட்டாங்க. சின்னதா ஒரே ரூமா இருக்கணும், நடுவுல தடுப்பு எதுவும் கூடாது, தரைத்தளமா இருக்கணும்னு சொல்லிட்டாங்க."

"பக்கத்துல எதுவோ இருக்கணும்னு கேட்டாளாமே?"

மச்சினன் தண்ணீர் பாட்டிலை எடுத்து மடமடவென்று குடித்தான். பொம்மை விமானத்தை நகர்த்தி வைத்தான். "அதை அக்காவையே கேட்டுக்குங்க மாமா. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்க என்னால ஆகாது."

அதற்கு மேல் அவன் பிடி கொடுக்கவில்லை. தெருவுக்கு வந்து நின்றபோது மோப்பத்துக்குக் கோபத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவள், தம்பியிடம் சொல்லியிருக்கிறாள், தன்னிடம் சொல்லவில்லை. தானும் அவளிடம் ஒன்றை மறைத்துக்கொண்டிருப்பது அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை.

அந்த வாரத்திலேயே ஒரு மரச்சாமான் கடை எரிந்தது. அவர் போனபோது எல்லாம் அணைந்து, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. முதலாளி வாசலில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார். கண்ணீரை மோப்பம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை, உள்ளே போனார். இந்த வேலையில் அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. மற்றவர்கள் எரிந்ததைப் பார்ப்பார்கள், இவர் அங்கே இல்லாததைத் தேடுவார். தன் கையாலேயே கடைக்குத் தீ வைக்கிறவன் நாற்காலி மேஜையை எரியவிடுவான். மனசுக்குப் பிடித்த ஒன்றை எரியவிட அவனுக்கு மனசு வராது, முதல் நாளே எடுத்து ஒளித்துவைத்துவிடுவான்.

கல்லாவுக்கு மேலே சுவரில் ஓர் ஆணி இருந்தது. அங்கே படம் மாட்டியிருந்து, தீப்பிடித்த பிறகு விழுந்திருந்தால், அந்த இடம் மட்டும் புகை படாமல் சதுரமாக வெளுத்திருக்கும். ஆணிக்குக் கீழேயும் சுவர் மற்ற இடங்களைப் போலவே கரியாகத்தான் இருந்தது. தீப்பிடிப்பதற்கு முன்பே யாரோ படத்தைக் கழற்றியிருக்கிறார்கள். இதைப் பார்த்த சந்தோஷத்தில், வழக்கம்போல ஒரு பிடிச் சாம்பலை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார்.

இருமல் பிடித்துக்கொண்டது. நிற்கவே இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு தட்டுத்தடுமாறி வெளியே வந்து நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார். கண்ணெல்லாம் தண்ணீர். அழுதுகொண்டிருந்த முதலாளியே அழுகையை நிறுத்திவிட்டு, "சார், தண்ணி வேணுமா?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

மூச்சு திரும்பி வருகிற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருந்தபோதுதான் அவருக்கு மேஜை மேலிருந்த வரைபடம் ஞாபகம் வந்தது. அதில் என்ன இல்லை?

மலை இல்லை. கியோட்டோவில் சிவப்பு மர வளைவுகள் ஆயிரக்கணக்கில் வரிசையாக மலை மேலே ஏறிப்போகும் கோயில் ஒன்று உண்டு. அந்தப் படத்தைத்தான் அவள் வருஷக்கணக்காகப் போன் முகப்பில் வைத்திருந்தாள். ஒரு தடவையாவது அதன் வழியாக உச்சி வரைக்கும் ஏறிவிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்தக் கோயிலின் மேல் வட்டம் இல்லை. மலைச்சரிவில் மரத்தூண்கள் மேல் நிற்கும் இன்னொரு கோயிலும் இல்லை. மூன்று பக்கமும் மலை சூழ்ந்த ஊரில் ஒரு மேட்டைக்கூட அவள் தொடவில்லை. எல்லாமே தட்டையான இடங்கள். ஆற்றங்கரை, கடைத்தெரு, கோட்டை, கால்வாய். மத்தியானம் தூக்கம். தரைத்தள ரூம்.

தனக்கு மிகவும் பிடித்ததை முதலிலேயே எடுத்து வெளியே வைத்துவிட்டாள். யாருக்காக? மலை ஏற முடியாதது யாரால்? நடைபாதையில் உட்கார்ந்திருந்தவருக்குக் காது ஜிவ்வென்று சுட்டது. அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது. அப்பாடா என்று நிம்மதி வர வேண்டிய இடத்திலும் அவர் புத்தி போன போக்கைப் பாருங்கள்: யார் சொல்லியிருப்பார்கள்? டாக்டரா? இரண்டாவது மாடிக்காரர்களா?

சாயங்காலம் வீடு திரும்பும்போது பழக்க தோஷத்தில் இரண்டாவது மாடியில் நின்று போனைக் காதில் வைத்தார். என்ன பேசுவதென்று வரவில்லை. பேசாமல் மேலே போய் மணியை அடித்தார். கதவு உடனே திறந்தது. அவள் மேஜைக்குத் திரும்பிப் போய்க் காய் நறுக்க உட்கார்ந்தாள். வரைபடம் அவள் கைக்குக் கீழே இருந்தது.

"அந்தச் சிவப்பு வளைவு இருக்கற மலையை ஏன் விட்டுட்டே?" என்று கேட்டார். அவரைப் பொறுத்தவரை இதுவே நேரான கேள்வி.

"எனக்கு முட்டி வலிக்குது."

"உனக்கா?"

"ஆமா, எனக்குத்தான். வேற யாருக்கு என்ன பண்ணுது?"

கேட்டுவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தி காயின் மேல் அப்படியே நின்றது. இந்தப் பார்வை அவருக்குத் தெரியும். கடைக்காரன் உண்மையைச் சொல்லப்போகும் தறுவாயில், பயமுறுத்திவிடக் கூடாதே என்று அவரே எத்தனையோ பேரை இப்படிப் பார்த்திருக்கிறார். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டார்.

"அப்ப டாக்டரைப் பாரு. முட்டி விஷயம். சும்மா விடக் கூடாது."

அவள் கத்தியை மேஜை மேல் வைத்தாள்.

"படியில நின்னு தினமும் யார்கூடப் பேசறீங்க?"

"ஆபீஸ்ல இருந்து..."

"ஞாயித்துக்கிழமையுமா?"

அவர் பாக்கெட்டிலிருந்த போனை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுகிட்டு இருப்பேங்க. தினமும். உங்க குரல் கேட்டதும், சரி, ரெண்டாவது மாடி வரைக்கும் வந்துட்டாருன்னு நினைச்சுக்குவேன். பேச்சு நின்னு, செருப்புச் சத்தம் மறுபடி கேக்கற வரைக்கும் தாழ்ப்பாள்ல கை வெச்சுக்கிட்டு நிப்பேன். நீங்க மணி அடிச்சதும் ஏதோ உள்வேலையா இருந்த மாதிரி வந்து திறப்பேன். ஓடி முடிச்ச பிள்ளைங்க மூச்சைக் கேட்டே எவனை உக்கார வைக்கணும்னு சொல்றவ நான். எனக்குக் காது கேக்காதுன்னு நினைச்சீங்களா?"

"தெரிஞ்சிருந்தா கேட்டிருக்கலாமே?"

"கேட்டா ஒண்ணுமில்லைம்பீங்க. உங்க வாயால அதைக் கேட்டுட்டா நம்பின மாதிரி நடிக்கணும். அதுக்குப் பயந்துகிட்டுதான் கேக்கலை." அவள் குரல் உடைந்தது. "சந்தேகப்படறது உங்க பொழப்பு. அதைக் கொண்டுவந்து என் தலையில கட்டிட்டீங்க. உங்க சட்டையை மோந்து பாக்கறேன். தலையணையில ரத்தம் இருக்கான்னு பாக்கறேன். நீங்க குழாயைத் திறந்துவிட்டுட்டு இருமும்போது பாத்ரூம் வாசல்ல நிக்கறேன். என்னை எனக்கே பிடிக்கலைங்க."

"அப்ப இந்தக் கியோட்டோ..."

"ஊர் பாக்கறதுக்கா? இங்க உங்களுக்கு ஆபீஸ் இருக்கு, படி இருக்கு, குழாய் இருக்கு. அங்க ஒரே ஒரு சின்ன ரூம். எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் என் பக்கத்துல இருந்தாகணும். எங்க போய் ஒளிவீங்க? ஒரு நாள் இல்லேன்னா ஒரு நாள் நீங்களே சொல்லிடுவீங்கன்னு நினைச்சேன். ரெண்டு நாள்ல சொல்ற ஆள் இல்லை நீங்க. அதான் ஒரு வாரம் போட்டேன். பக்கத்துல இருக்கணும்னு கேட்டது ஆஸ்பத்திரி. மத்தியானம் எனக்கு. நானும் எங்கயாவது உக்காந்து அழ வேண்டாமா?"

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். யார் யாரையோ கையும் களவுமாகப் பிடித்த மனுஷர், தன் வீட்டு மேஜைக்கு முன்னால் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஸ்கேன் எடுக்கச் சொன்னாரு டாக்டர்."

"எந்த டாக்டர்? எப்போ?"

"போன மழைக்காலத்துல."

அவள் எழுந்து வந்து அவர் தோளில் குத்தினாள். விளையாட்டு டீச்சர் கை, நன்றாகவே வலித்தது. குத்திய இடத்திலேயே முகத்தை வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். அவர் சட்டையில் மரச்சாமான் கடையின் கரி இருந்தது. அவள் கன்னத்தில் ஒட்டிக்கொண்டது. துடைத்துவிடலாமா என்று அவர் கையைத் தூக்கினார், கைகளிலும் கரிதான் இருந்தது.

மறுநாள் இருவரும் ஸ்கேன் எடுக்கப் போனார்கள். போகும் வழியில் அவள் தம்பிக்குப் போன் போட்டு, டிக்கெட்டை இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொன்னாள். உள்ளே அவரைப் படுக்கவைத்து வளையம் போன்ற இயந்திரத்துக்குள் தள்ளினார்கள். கூட வந்தவர்கள் வெளியே இருக்க வேண்டும் என்று அவளை அனுப்பிவிட்டார்கள். மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு பெண் குரல் ஒலிபெருக்கியில் சொன்னது. அவர் இழுத்தார். பிடிக்க முடியவில்லை. மறுபடியும் சொன்னது. மறுபடியும் முடியவில்லை. அந்தக் குரல் கோபப்படவே இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, பரவாயில்லை, முடிஞ்ச வரைக்கும் பிடிங்க என்றது. அந்தக் கனிவில்தான் அவருக்குப் பயம் வந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் எழுந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்..." என்று தன்னால் வாய்க்கு வந்துவிட்டது. அவள் முகம் மாறியதைப் பார்த்தார். அந்த வார்த்தையை அப்படியே விட்டுவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மூச்சைப் பிடிக்கச் சொன்னாங்க. முடியலை. ரெண்டு மூணு தடவை சொன்னாங்க, அப்பவும் முடியலை. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

"எனக்கும்தான்" என்றாள் அவள். வராந்தாவில் ஆட்கள் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேரும் அந்த பெஞ்சிலேயே மறுபடி உட்கார்ந்தார்கள். அவர் மூச்சு வாங்கினார், சத்தமாகவே வாங்கினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.